பழைய விடெக் எஞ்சினில் வால்வு அடிபட்டதா? ஹெட்டைக் கழற்றும் முன் கண்டுபிடிக்கும் வழி

மூன்றாம் கியரில் 8,000 ஆர்பிஎம் வரை இழுத்துவிட்டு நான்காவதுக்குப் போக வேண்டிய கை, அவசரத்தில் இரண்டாவதில் விழுந்துவிடுகிறது. கிளட்சை விட்டதும் வண்டி முன்பக்கம் குத்துகிறது, எஞ்சின் ஒரே ஒரு கணம் வேறு குரலில் கத்துகிறது. அப்புறம் ஐட்லிங்கில் குலுக்கல், மிஸ்ஸிங், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் டிக் டிக். சில வண்டிகள் ஸ்டார்ட்டே ஆகாது.

ஹோண்டா பி16ஏ எஞ்சின் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். 1989-ல் இன்டெக்ராவில் வந்த எஞ்சின் இது. 1,595 சிசி, 160 குதிரைத்திறன், டர்போ கிடையாது. லிட்டருக்கு 100 குதிரைத்திறனை இது எடுத்ததே உயர்ந்த ஆர்பிஎம்மில்தான். ஆனால் ரெட்லைனுக்கு (அனுமதித்த அதிகபட்ச ஆர்பிஎம்) மேல் போனால் மன்னிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இதனோடு வந்த ஒரு பிரபல கியர்பாக்ஸில் இரண்டாம் கியர் விகிதம் 2.105, மூன்றாவது 1.458. 8,000-ல் இருந்து தவறாக இரண்டாவதில் விழுந்தால் சக்கரம் எஞ்சினை 11,500 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றப் பார்க்கும். ரெவ் லிமிட்டர் இதைத் தடுக்காது. அது பெட்ரோலை நிறுத்துமே தவிர, சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதை நிறுத்த அதற்கு வழியில்லை.

அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்கால் வால்வைச் சரியான நேரத்தில் மேலே இழுத்து மூட முடியாது. மேலே வரும் பிஸ்டன், இன்னும் மூடாத வால்வில் இடிக்கும். பென்சிலைவிட ஒல்லியான வால்வுத் தண்டு வளைய ஒரு இடி போதும். டைமிங் பெல்ட் அறுந்தாலும், பல் தாண்டினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

விடெக் என்பது உயர்ந்த ஆர்பிஎம்மில் வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டா அமைப்பு; கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டு. இந்தக் கட்டுரை பி16ஏ, பி18சி போன்ற இரட்டைக் கேம் விடெக் எஞ்சின்களை வைத்து எழுதியது. இந்தியாவில் 2000-களின் தொடக்கத்தில் ஓடிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கில் இருப்பது ஒற்றைக் கேம் எஞ்சின். சோதனை முறை அதற்கும் பெரும்பாலும் பொருந்தும், அளவுகள் வேறு.

வரிசைதான் முக்கியம்

சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது, ஸ்டார்ட் செய்யாமல் இருப்பது. "ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாப்போம், சரியாகிடுச்சான்னு" என்கிற ஆசைதான் சின்னச் செலவைப் பெரிய செலவாக்குகிறது. வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு சின்ன லாக்குகளில் ஒன்று நழுவியிருந்தால், அடுத்த சில சுற்றுகளில் வால்வு முழுசாகச் சிலிண்டருக்குள் விழும். அப்போது பிஸ்டன், ஹெட், சில நேரம் பிளாக் என எல்லாமே போகும்.

எனவே எஞ்சின் அசையாமல் செய்யும் சோதனைகளை முதலில் முடியுங்கள். பிறகு கையால் சுற்றிச் செய்வது. ஸ்டார்ட்டர் மோட்டார் கடைசியில். பல பட்டறைகளில் எடுத்த எடுப்பிலேயே கம்ப்ரஷன் கேஜை மாட்டிச் செல்ஃப் அடிப்பார்கள். சாதாரண பிக்கப் குறைவுக்கு அது சரி. ஓவர்-ரெவ் ஆன எஞ்சினுக்கு அது தப்பான தொடக்கம் என்பது என் கருத்து.

தேவையான சாமான்கள் அதிகமில்லை: சாக்கெட் செட், ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல டார்ச், போனில் மாட்டும் மலிவான எண்டோஸ்கோப், கம்ப்ரஷன் கேஜ். சிலிண்டரில் காற்று ஏற்றிக் கசிவை அளக்கும் லீக்-டவுன் டெஸ்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வாடகைக்கோ இரவலாகவோ கிடைக்கும்.

கவரைத் திறந்து பார்ப்பது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போதுதான் வால்வு இடைவெளி பார்க்க வேண்டும் என்பது ஹோண்டாவின் விதி. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பது வசதி.

பிளக் வயர்கள், வால்வு கவர், டைமிங் பெல்ட்டின் மேல் கவர் மூன்றையும் எடுங்கள். பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வரிசையாக வையுங்கள். நுனி நசுங்கிய பிளக், அல்லது மின்முனை இடைவெளி மூடிப்போன பிளக் ஒன்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ உலோகம் திரிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் எஞ்சினைக் கையால்கூடச் சுற்ற வேண்டாம்; மீதிச் சோதனைகளை விட்டு நேராக ஹெட்டைக் கழற்றுங்கள்.

இப்போது எதையும் சுற்றாமல் டார்ச் அடித்து ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பாருங்கள். உடைந்த சுருள், சாய்ந்து நிற்கும் ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் அமரும் மூடி), பக்கத்து ரிட்டெய்னரைவிடத் தாழ்ந்திருக்கும் ரிட்டெய்னர் ஆகியவற்றைத் தேடுங்கள். வால்வு திறந்திருக்கும் சிலிண்டரில் ரிட்டெய்னர் தாழ்ந்துதான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரே சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வுகளை ஒன்றோடொன்று, இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இரட்டையர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ரிட்டெய்னர் நடுவில் தெரியும் லாக்குகள் இரண்டும் சமமாக அமர்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒன்று மேலே எம்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தால் அடுத்து டைமிங். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பெல்ட் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினால் க்ராங்க் புல்லி போல்ட்டுக்கு வழி தெரியும். இந்த எஞ்சின் மற்ற பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிராகச் சுற்றும். புல்லியைப் பார்த்தபடி நின்றால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த் திசைதான் சரியான திசை. மாற்றிச் சுற்றினால் பெல்ட்டின் தளர்ந்த பக்கம் மாறி, பல் தாண்ட வாய்ப்பு உண்டு. போல்ட் கழன்றுவிடுமோ என்று தோன்றும். பிளக் எல்லாம் வெளியே இருப்பதால் அதற்கு முன் எஞ்சின் சுற்றிவிடும்.

மெதுவாக, நீளமான ராட்செட்டில், கை உணர்வோடு சுற்றுங்கள். ஸ்பிரிங்குகளின் எதிர்ப்பு ரப்பர் மாதிரி ஏறி இறங்கும். உலோகத்தில் உலோகம் முட்டினால் அது கல்லில் முட்டுவது போல் சட்டென்று நிற்கும். அப்படி நின்றால் பலம் கொடுக்காதீர்கள், ஒரு துளி பின்னால் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். விடை கிடைத்துவிட்டது.

தடையில்லாமல் சுற்றினால் முதல் சிலிண்டரை, அதாவது பெல்ட் பக்கத்துச் சிலிண்டரை, மேல் உச்சிக்குக் கொண்டு வாருங்கள். புல்லியில் தனியாக இருக்கும் வெள்ளைக் கோடுதான் உச்சிக்கான குறி. மூன்று கோடுகள் சேர்ந்து, நடுவில் சிவப்பு இருக்கிறதே, அது இக்னிஷன் டைமிங்குக்கு. புதியவர்கள் பலர் சிவப்பைப் பிடித்துக்கொண்டு "டைமிங் தப்பு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். வெள்ளைக் கோடு நேராக வரும்போது இரண்டு கேம் புல்லிகளிலும் 'மேல்' என்று காட்டும் ஆங்கிலச் சொல் மேல்பக்கம் இருக்க வேண்டும், எதிரெதிர்க் கோடுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். கோடுகள் அரைப் பல் தள்ளி நிற்பது போலத் தெரிந்தால் நீங்கள் பார்க்கும் கோணம் காரணமாக இருக்கலாம். ஒரு பல் தள்ளியிருந்தால் சந்தேகமே வராது, பளிச்சென்று தெரியும்.

ஃபில்லர் கேஜ் சொல்லும் கதை

டாப்பெட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) என்று நாம் வழக்கமாகச் செய்வதை இங்கே நோயறியும் கருவியாகப் பயன்படுத்தப் போகிறோம். எந்த விலையுயர்ந்த கருவியும் இவ்வளவு தெளிவாகப் பேசாது. எனவே இதில் அவசரப்படாதீர்கள்.

இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு நான்கு வால்வு, மொத்தம் 16 சரிசெய்யும் திருகுகள். கேஜ் நுழைய வேண்டிய இடம், திருகின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே. இன்டேக்குக்கு 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.17 முதல் 0.21 மி.மீ. முதல் சிலிண்டர் உச்சியில் இருக்கும்போது அதன் நான்கையும் பாருங்கள். பிறகு க்ராங்கை அரைச் சுற்று சுற்றினால் மூன்றாவது, அடுத்த அரைச் சுற்றில் நான்காவது, அதற்கடுத்து இரண்டாவது.

ஒன்றையும் சரிசெய்யாமல் முதலில் பதினாறு அளவையும் தாளில் எழுதுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. திருகைத் தொட்டுவிட்டால் சாட்சியம் அழிந்துவிடும்.

வால்வு கீழ்நோக்கித் திறப்பது. வளைந்த வால்வு, மூடும்போது அமர வேண்டிய வளையமான தன் சீட்டில் முழுசாக உட்காராது, கொஞ்சம் திறந்தபடியே தொங்கும். எனவே அதன் தலை வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கும், ராக்கரோடு (கேமின் அழுத்தத்தை வால்வுக்குக் கொடுக்கும் கை) இருக்கும் இடைவெளி கூடிவிடும். வண்டி அடிபடும் முன் எல்லாம் 0.17 சுற்றுவட்டாரத்தில் இருந்து, இப்போது ஒன்று மட்டும் 0.50, 0.60 காட்டினால் கிட்டத்தட்ட உறுதி. திருகின் லாக்நட் தளர்ந்திருந்தாலும் இடைவெளி கூடும் என்பதால் நட்டை முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி குறைந்து, மிக மெல்லிய கேஜும் நுழையாவிட்டால் அது வேறு நோய். சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறியிருக்கிறது, அல்லது வால்வின் தலைப்பகுதி சூட்டிலும் அடியிலும் இழுபட்டு நீண்டிருக்கிறது. இது ஒரே நாளில் வருவதில்லை, டாப்பெட் பார்க்காமலே பல வருடம் ஓட்டிய எஞ்சினில் எக்ஸாஸ்ட் பக்கம் வரும். சூடேறியதும் இடைவெளி பூஜ்யமாகி வால்வு மூடாமல் நின்று, கடைசியில் விளிம்பு எரியும். இப்படிப்பட்ட எஞ்சினில் டிக் டிக் சத்தமே இருக்காது. "சத்தமில்லாம ஓடுது, நல்ல எஞ்சின்" என்று பழைய வண்டி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நான் பார்த்த ஒரு சிவிக்கில் மூன்றாம் சிலிண்டரின் ஒரு இன்டேக் வால்வு 0.55 காட்டியது, மற்ற பதினைந்தும் அளவுக்குள். உரிமையாளர் அதற்கு முன் ஒரு பட்டறையில் காட்டியிருந்தார். அங்கே அந்த ஒரு திருகை மட்டும் இறுக்கி 0.17-க்குக் கொண்டுவந்து, சத்தம் போய்விட்டது என்று அனுப்பிவிட்டார்கள். நட்டின் மேல் புது ஸ்பேனர் தடம் இருந்தது. நட்டை மறுபடி தளர்த்தி, திருகைப் பக்கத்து வால்வின் திருகு உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் 0.55 வெளியே தெரிந்தது. சத்தம் போனது உண்மைதான். கம்ப்ரஷன் மட்டும் திரும்பவே இல்லை. உங்களுக்கு முன்னால் யாராவது கை வைத்திருந்தால், 16 திருகுகளும் நட்டுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகமாக உள்ளே போயிருந்தால் விசாரியுங்கள்.

ஃபில்லர் கேஜ் காட்டாத ஒன்றும் உண்டு. கேம் லோபின் (கேமில் ராக்கரைத் தள்ளும் புடைப்பு) மூக்குத் தேய்ந்தால் இடைவெளி மாறாது, ஏனென்றால் நாம் அளப்பது லோபின் வட்டமான முதுகுப்பக்கம் ராக்கரில் இருக்கும்போது. லோபைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மூக்கில் குழிகள், பொருபொருவென்று உரிந்த மேற்பரப்பு, நகத்தால் தடவினால் மாட்டும் கோடு இருந்தால் கேம் போய்விட்டது. ராக்கரின் அடிப்பக்கமும் அதோடு போயிருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுக் கேமும் சீக்கிரம் அரிபடும்.

கடைசியாக விடெக்குக்கே உரிய ஒரு சோதனை. ஒவ்வொரு வால்வு இணைக்கும் மூன்று ராக்கர்கள் இருக்கும். நடுவில் இருப்பது உயர் வேக லோபுக்கானது. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அது மற்ற இரண்டோடு சேராமல் தனியே அசைய வேண்டும். அந்தச் சிலிண்டர் உச்சியில் இருக்கும்போது நடு ராக்கரை விரலால் அழுத்துங்கள். ஸ்பிரிங் எதிர்ப்போடு இறங்கி, விட்டதும் எழுந்தால் சரி. அசையாமல் மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே பின் சிக்கியிருக்கிறது.

கவர் திறந்திருக்கும்போதே விடெக் சோலனாய்டையும் மூன்று போல்ட் கழற்றி எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள கேஸ்கெட்டில் சின்ன வலை இருக்கும். எண்ணெயில் மிதக்கும் உலோகத் துகள் அங்கே வந்து தங்கும். வெள்ளைத் துணியில் தட்டி, காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் கேம், ராக்கர் போன்ற இரும்புப் பாகம். ஒட்டாமல் பளபளத்தால் பேரிங்கோ அலுமினியமோ. கருப்புப் பிசுக்கு மட்டும் என்றால் எண்ணெய் மாற்றுவதில் சோம்பல்.

உள்ளே எட்டிப் பார்ப்பது

பிளக் துளை வழியே எண்டோஸ்கோப்பை விடுங்கள், பிஸ்டன் பாதி கீழே இருக்கும்போது. பிஸ்டன் தலையில் படிந்த கரியின் மேல் பிறை வடிவில் புதிதாகப் பளபளக்கும் கீறல் இருந்தால் வால்வு முத்தமிட்டுவிட்டது. இன்டேக் வால்வு 33 மி.மீ., எக்ஸாஸ்ட் 28 மி.மீ. என்பதால் பிறையின் அளவை வைத்தே யார் இடித்தது என்று சொல்லலாம். ஆனால் கேமராவில் வால்வு நேராகத் தெரிகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். கசிவுக்குத் தேவையான வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது.

கம்ப்ரஷன், லீக்-டவுன்

இதுவரை எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லையா? சரி, இப்போது செல்ஃப் அடிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் கனெக்டர்களைப் பிடுங்கிவிடுங்கள், தீப்பொறியும் நிற்கும், பெட்ரோல் தெளிப்பும் நிற்கும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும். மிதிக்க மறந்தால் எல்லாச் சிலிண்டரும் குறைவாகக் காட்டிப் பயமுறுத்தும்.

கையேடு சொல்லும் குறைந்தபட்சம் 135 பிஎஸ்ஐ, சிலிண்டர்களுக்கிடையே அதிகபட்ச வித்தியாசம் 28. ஆரோக்கியமான பி16ஏ 180-க்கு மேல் காட்டுவது வழக்கம். ஒன்று மட்டும் 40 அல்லது பூஜ்யம் என்றால் வால்வு. நான்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பெல்ட் பல் தாண்டியதா என்று மறுபடி பாருங்கள். ஒன்று 120 மாதிரி நடுவில் நின்றால், பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

லீக்-டவுனில் உச்சியில் நிற்கும் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எங்கே தப்புகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறோம். த்ராட்டில் வாயில் உஸ்ஸென்றால் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். 10 சதவீதத்துக்குள் கசிவு என்றால் அருமை, 20-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். காற்றழுத்தம் எஞ்சினைத் திடீரெனச் சுற்றிவிடும், க்ராங்க் போல்ட்டில் ராட்செட்டை மாட்டியபடியே காற்றை ஏற்றாதீர்கள்.

வேறு எஞ்சின் என்றால்

மிட்சுபிஷி 4ஜி63 போன்றவற்றில் இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்துகொள்ளும். அங்கே ஃபில்லர் கேஜ் பேசாது, லீக்-டவுனைத்தான் நம்ப வேண்டும். அதில் வரும் டிக் டிக் பெரும்பாலும் அந்த அட்ஜஸ்டரில் காற்று புகுந்த சத்தம், அதைக் கேட்டு ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டொயோட்டா 4ஏ-ஜிஇயின் 16 வால்வு வகையில் பெல்ட் அறுந்தால் பொதுவாக வால்வு பிழைத்துக்கொள்ளும். மலேசியாவில் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டி) கடையிலிருந்து இறக்கிய எஞ்சின் என்றால், கேமும் ஸ்பிரிங்கும் எந்த வகையைச் சேர்ந்தவை என்று முதலில் உறுதிசெய்துகொண்டு அதற்குரிய அளவைப் பயன்படுத்துங்கள்.

ஹெட்டைக் கழற்ற முடிவானால்

ஒரு வால்வு வளைந்தது என்று தெரிந்தால் பதினாறையும் வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேத் பட்டறையில் ஒவ்வொன்றையும் சுழற்றி, டயல் கேஜில் ஆட்டம் பார்ப்பார்கள். வளைந்த வால்வை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை பாருங்கள். அந்த வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடையும் சோதிக்காமல் விடக் கூடாது. தண்டு வளையும்போது கைடின் வாய் பிளந்திருக்கும், விரிசலும் விட்டிருக்கும். ரிட்டெய்னர், லாக், ஸ்பிரிங் மூன்றையும் அடிபட்ட சிலிண்டருக்கு மட்டுமாவது புதிதாகப் போடுங்கள். ஹெட் திரும்பி வந்ததும் கவிழ்த்து வைத்து, பிளக்கை மாட்டி, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் போர்ட் பக்கம் ஈரம் தெரிந்தால் பொருத்தாமல் திருப்பி அனுப்புங்கள்.

ஹெட் வேலைக்குப் பணம் கட்டும் முன் எஞ்சினின் கீழ்ப்பகுதியையும் பார்த்துவிட வேண்டும். 11,000-ஐத் தாண்டிய எஞ்சினில் வால்வு மட்டும் அடி வாங்கியிருக்காது. கனெக்டிங் ராட் போல்ட்டுகளும் இழுபட்டிருக்கும். சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங் கேப்பையாவது திறந்து பாருங்கள், ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மடிப்புகளில் வெள்ளி மினுமினுப்போ செம்பு நிறமோ இருந்தால் எஞ்சினை முழுசாக இறக்க வேண்டியதுதான். ஹெட்டுக்கான பேரத்தை அதற்கு அப்புறம் பேசுங்கள்.